அமெரிக்காவில் கட்டட ஆற்றல் சிக்கன விதிகளுக்கு மத்திய அரசு என்ன செய்கிறது? சட்டம் போடுவதோடு சரியா?

அந்த விதிகளைக்கூட அது போடுவதில்லை. தனியார் கட்டடங்களுக்கு நாடு முழுமைக்கும் ஒரே விதி என்று அங்கே எதுவும் கிடையாது. மாதிரி விதிகளை ஐசிசி (சர்வதேச கட்டட விதி மன்றம்), ஆஷ்ரே (குளிரூட்டல், வெப்பமூட்டல் பொறியாளர் சங்கம்) என்ற அமைப்புகள் எழுதுகின்றன. ஏற்பதும் மறுப்பதும் மாநிலங்கள் அல்லது நகராட்சிகள் கையில்.

1992 மத்தியச் சட்டப்படி, மாதிரி விதியின் புதிய பதிப்பு வந்தால் அது பழையதைவிட ஆற்றலை மிச்சப்படுத்துமா என்று மத்திய அரசின் எரிசக்தித் துறை ஓராண்டுக்குள் கணக்கிட்டுச் சொல்ல வேண்டும். மிச்சமாகும் என்றால், மாநிலங்கள் இரண்டு ஆண்டுகளில் தங்கள் விதியைப் பரிசீலிக்க வேண்டும். வீடுகள் விஷயத்தில், காரணம் சொல்லிவிட்டு ஏற்காமல் இருக்கவும் வழியுண்டு.

என் அனுபவத்தில், பெரிய உதவி இதற்கெல்லாம் அப்புறம்தான் வருகிறது.

புது வீடுகளில் காற்றுக்கசிவு சோதிப்பது என் வேலை. வாசலில் விசிறியைப் பொருத்தி உள்காற்றை வெளியே இழுப்போம். 50 பாஸ்கல் அழுத்த வேறுபாடு வந்ததும் சுவர் சுவராகக் கை வைத்துப் பார்த்தால், பிளக் பாயிண்ட் ஓட்டை வழியாகக் காற்று விரலில் அடிக்கும். ஐசிசி மாதிரி விதியின் 2009 பதிப்பில் அந்த அழுத்தத்தில் மணிக்கு 7 முறை வரை வீட்டுக் காற்று முழுவதும் மாறலாம். 2012 பதிப்பில் அது வெப்பப் பகுதிகளுக்கு 5, மற்றவற்றுக்கு 3. காகிதத்தில் ஓர் எண்தான் மாறியது. தளத்தில் ஒவ்வொரு வயர் துளையையும் ஒருவர் குனிந்து அடைக்க வேண்டும்.

அண்மையில் ஒரு வீட்டில் இன்சுலேஷன் (சுவருக்குள் வைக்கும் வெப்பத்தடுப்புப் பொருள்) தடிமன் வரைபடத்தில் இருந்தபடியே சரியாக இருந்தது. ஆனால் வயரைச் சுற்றி வெட்டாமல் அதன்மேலேயே அமுக்கி வைத்திருந்தார்கள். அமுங்கிய இடத்தில் அது முழு வேலை செய்யாது. ஜிப்சம் பலகை அடித்துவிட்டால் யார் கண்ணுக்கும் தெரியாது. அந்தப் பையன்கள் ஏமாற்றவில்லை, யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

இதைத்தான் எரிசக்தித் துறையின் கள ஆய்வு தொட்டது, அதனால்தான் அதை நான் மதிக்கிறேன். முதலில் எட்டு மாநிலங்களில், மாநிலத்துக்கு மாநிலம் ஒவ்வொரு முக்கிய அம்சத்தையும் 63 முறை நேரில் பார்த்துப் பதிவு செய்தார்கள். தவறும் இடங்களுக்கு ஏற்பப் பயிற்சி கொடுத்து, மறுபடியும் அளந்தார்கள்.

மற்றபடி, வரைபடம் விதிக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க ரெஸ்செக், காம்செக் என்ற மென்பொருள்களைத் துறை இலவசமாகவே தருகிறது. விதி அமலாக்கத்துக்கென்று 2021 உள்கட்டமைப்புச் சட்டத்தில் 22.5 கோடி டாலர் ஒதுக்கினார்கள். அதில் பெரும்பங்கு உள்ளூர் ஆய்வாளர்களின் பயிற்சிக்குப் போக வேண்டும் என்பேன். அஸ்திவாரம், வயரிங், குழாய் எல்லாம் பார்த்த பிறகு, சுவர் மூடுவதற்கு முன் இன்சுலேஷனைப் பார்க்க ஓர் ஆய்வாளருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான்.