நாற்காலியை விடுங்கள், இடைவெளியைப் பாருங்கள்

கேள்வி: தாள் முழுக்கக் கரி பூசி, ரப்பரால் அழித்து நாற்காலி வரைகிறேன். வெளிச்சம் வர வேண்டிய இடமெல்லாம் அழுக்குச் சாம்பலாகவே நிற்கிறது. ஏன்?

பதில்: அழுத்திச் செய்த கரிக்குச்சியைப் பூசியிருப்பீர்கள். அதில் பிசின் கலந்திருக்கும். தாளின் சொரசொரப்புக்குள் இறங்கிவிட்டால் லேசில் வராது. அடிப்பூச்சுக்கு வில்லோ கரிதான், அதாவது வில்லோ மரக்குச்சியைச் சுட்டெடுத்த மென்மையான கரிதான் சரி. குச்சியைப் படுக்கவைத்துத் தேய்த்து, பருத்தித் துணியால் பரப்புங்கள். விரல் வேண்டவே வேண்டாம், தோலின் எண்ணெய் கறையாகும். நடுத்தரச் சாம்பல் வந்ததும் நிறுத்துங்கள். பலர் இங்கேதான் ஆசைப்பட்டுக் கறுப்பாக்கிவிடுகிறார்கள்!

அப்புறம், நாற்காலியை மறந்துவிடுங்கள். கால்களுக்கு நடுவே தெரிகிற வெளி இருக்கிறதே, அந்தக் கோணல் நாற்கோணங்களை மட்டும் பார்த்து அழித்தெடுங்கள். அவை சரியாக விழுந்தால், கால்கள் தாமாகவே இருட்டாக எழுந்து நிற்கும். களிமண் போல் பிசையக்கூடிய ரப்பரால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். கறுத்ததும் இழுத்து மடித்தால் சுத்தமான பக்கம் வரும். பளிச்சென்ற விளிம்புக்கு, பிளேடால் ஆப்பு போல் வெட்டிய வெள்ளை ரப்பர், ஒரே இழுப்பு.

அழுத்திய கரியைத் தூக்கிப் போடாதீர்கள். இருக்கைக்குக் கீழே உள்ள அடர் இருட்டுக்குக் கடைசியில் தேவைப்படும். ஃபிக்ஸேட்டிவ், அதாவது கரி உதிராமல் பிடித்துவைக்கத் தெளிக்கும் திரவம், வரைந்து எல்லாம் முடிந்த பிறகுதான். நடுவில் தெளித்தால் அதற்கப்புறம் ரப்பருக்கு வேலை இல்லை.