தம்பிக்கு உதவி, மகனுக்கு அறிவுரை, நடுவில் ஒரு டாப்-அப்

கேள்வி: எனக்கு 51 வயது. தனியார் நிறுவனத்தில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். பிடித்தம் போகக் கைக்கு 74,000 ரூபாய் வருகிறது. வீட்டுக் கடன் முடிந்துவிட்டது. 2021-ல் என் தம்பியின் தொழிலுக்காக 6 லட்சம் ரூபாய் பர்சனல் லோன் வாங்கிக் கொடுத்தேன். 14 சதவீத வட்டி, ஐந்து வருடத் தவணை. 2023-ல் அவருக்கு மறுபடியும் நெருக்கடி. அதே கடனை டாப்-அப் செய்து 8 லட்சமாக்கி, பழைய பாக்கி போக மிஞ்சியதைக் கொடுத்தேன். இந்த இரண்டாவது விஷயம் என் மனைவிக்குத் தெரியாது. இதுவரை தம்பி திருப்பித் தந்தது 60,000.

இப்போது மூன்றாவது முறையாகக் கேட்கிறார். நான் 10 லட்சத்துக்கு டாப்-அப் போட வேண்டும், இல்லையென்றால் அவர் ஒரு நிதி நிறுவனத்தில் வாங்கும் 10 லட்சத்துக்கு என் மகன் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும் என்கிறார். மகனுக்கு 23 வயது. வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது, கைக்கு 32,000 வாங்குகிறான். அதற்குள் நண்பர்களோடு சேர்ந்து பங்குச் சந்தையில் ஆப்ஷன் டிரேடிங் செய்து 18,000 தொலைத்துவிட்டான். கூப்பிட்டுக் கண்டித்தேன். "சித்தப்பாகிட்ட நீங்க போட்டது எவ்வளவு திரும்பி வந்திருக்கு?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டான். அன்றிலிருந்து தூக்கம் இல்லை.

என் அப்பா கடைசியாகச் சொன்னது, "தம்பியைக் கைவிட்டுடாதே" என்பதுதான். அதை மீற முடியவில்லை. டாப்-அப், ஜாமீன் இரண்டில் எது நல்லது? ஒரு தகப்பனாக நான் மகனுக்கு வேலை, பணம், குடும்பம் பற்றி என்ன சொல்லி வளர்ப்பது? அவன் பெயரில் ஆண்டுக்கு 1 லட்சம் வீதம் 10 ஆண்டு கட்டினால் 20-வது ஆண்டு முடிவில் 20 லட்சம் உறுதியாகக் கிடைக்கும் என்று முகவர் ஒருவர் ஒரு திட்டம் சொல்கிறார். சேரலாமா?

பதில்: உங்கள் மகன் கேட்டது மரியாதைக் குறைவாக உங்களுக்குப் பட்டிருக்கலாம். ஆனால் கணக்காகப் பார்த்தால் அது சரியான கேள்வி. அவருக்கு என்ன சொல்லலாம் என்பதற்கு அப்புறம் வருவோம். முதலில் அவர் கேட்டதற்குப் பதில் எழுதிப் பார்க்கலாம். தோராயமாகத்தான் போடுகிறேன், சில நூறு ரூபாய் முன்னே பின்னே இருக்கும்.

6 லட்சத்துக்கு உங்கள் மாதத் தவணை சுமார் 13,960. இரண்டு வருடத்தில் 3.35 லட்சம் கட்டியிருப்பீர்கள். அதில் அசலில் கழிந்தது 1.9 லட்சம்தான். மீதி அசல் 4.08 லட்சம் இருந்தபோது அதை 8 லட்சமாக ஏற்றினீர்கள். வித்தியாசம் 3.92 லட்சம். பிராசஸிங் கட்டணம் 2 சதவீதம், அதன் மேல் ஜிஎஸ்டி என்று வைத்துக்கொண்டால் 19,000 போயிருக்கும். இங்கே கவனிக்க வேண்டியது, அந்தக் கட்டணம் புதிதாகக் கைக்கு வந்த 3.92 லட்சத்துக்கு மட்டும் இல்லை. ஏற்கெனவே கட்டணம் கட்டி வாங்கிய பழைய பாக்கிக்கும் சேர்த்து, முழு 8 லட்சத்துக்கும் பல இடங்களில் பிடிக்கிறார்கள். டாப்-அப்பை வங்கிகள் இவ்வளவு ஆசையாகக் கூப்பிட்டுக் கொடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதற்கப்புறம் மாதம் 18,600 வீதம் இன்னொரு இரண்டு வருடம் கட்டியிருக்கிறீர்கள், 4.47 லட்சம். ஆக நான்கு வருடத்தில் உங்கள் சம்பளத்திலிருந்து வெளியே போனது 7.8 லட்சத்துக்கு மேல். இன்றைக்கும் பாக்கி சுமார் 5.45 லட்சம் நிற்கிறது. முதலில் வாங்கியது 6 லட்சம் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். நான்கு வருடம் கட்டிய பிறகும் ஏறக்குறைய அங்கேயேதான் இருக்கிறீர்கள். வட்டி, கட்டணம் என்று வங்கிக்கு மட்டும் போனது 3.5 லட்சம். தம்பி திருப்பித் தந்தது 60,000. உங்கள் மகன் இந்தக் கணக்கைப் போட்டிருக்க மாட்டார், ஆனால் வீட்டில் இருந்து பார்த்தே அவருக்குப் புரிந்திருக்கிறது.

தம்பிக்கு உதவியதை நான் தப்பென்று சொல்லவில்லை. கையில் இல்லாத பணத்தைக் கொண்டு உதவியதுதான் தப்பு. உங்கள் அப்பா சொன்ன வார்த்தையைச் சற்று யோசித்துப் பாருங்கள். அவர் குடும்பம் நடத்திய காலத்தில், சம்பளச் சீட்டைப் பார்த்துவிட்டு "உங்களுக்கு 10 லட்சம் தயாராக இருக்கிறது, ஒரு பட்டனை அழுத்துங்கள்" என்று யாரும் அவருக்குக் குறுஞ்செய்தி அனுப்பவில்லை. கைவிடாமல் இருப்பதென்றால் கையில் இருப்பதைக் கொடுப்பது, இல்லாதபோது கூட நிற்பது. அந்த உதவிக்கு ஓர் எல்லை தானாகவே இருந்தது. உங்களுக்கு அந்த எல்லையை வங்கி எடுத்துவிட்டது. அப்பாவின் வார்த்தையை மட்டும் வைத்துக்கொண்டு, அதோடு இருந்த வரம்பை நீங்கள் விட்டுவிட்டீர்கள். தன் பேரனின் சம்பளத்தை அடகு வைத்து இந்த வாக்கைக் காப்பாற்றுங்கள் என்று அவர் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

டாப்-அப், ஜாமீன் இரண்டில் எது நல்லது என்று கேட்கிறீர்கள். இரண்டும் வேண்டாம்.

டாப்-அப்பை எடுத்துக்கொள்வோம். 10 லட்சமாக்கினால் தம்பி கைக்குப் போவது 4.3 லட்சம் சொச்சம். தவணை 23,270 ஆகும், ஐந்து வருடத்தில் கிட்டத்தட்ட 14 லட்சம் கட்டுவீர்கள். அது முடியும்போது உங்களுக்கு 56. ஆனால் முடியாது. முதல் கடனை இரண்டு வருடத்தில் ஏற்றினீர்கள், இரண்டாவதையும் இரண்டு வருடத்தில் ஏற்றக் கேட்கிறார்கள். இதே வேகத்தில் போனால் 58-ல் ஓய்வு பெறும் நாளிலும் ஒரு தவணை ஓடிக்கொண்டிருக்கும். பி.எஃப்.போடு வரும் ஓய்வூதியத்தை நம்பியிருந்தால் அதையும் பாருங்கள்: ஓய்வூதியத்துக்குக் கணக்கில் எடுக்கும் 15,000 ரூபாய் சம்பள வரம்பில் 35 வருடம் வேலை பார்த்தவருக்கே 15,000-ஐ 35-ஆல் பெருக்கி 70-ஆல் வகுத்தால் மாதம் 7,500தான். 23,270 தவணைக்கு அது எந்த மூலைக்கு?

இப்போதுள்ள கடனை ஏற்றாமல் அப்படியே கட்டிக்கொண்டு போனால் இன்னும் மூன்று வருடத்தில், 54 வயதில் முடிந்துவிடும். அதன் பிறகு அதே 18,600-ஐ 58 வரை மாதாமாதம் 7 சதவீதம் தரும் எதிலாவது போட்டாலே 10 லட்சத்தைத் தாண்டும். தம்பி கேட்கும் அதே 10 லட்சம். ஆனால் இது உங்கள் பெயரில் இருக்கும்.

அடுத்தது ஜாமீன். "சும்மா ஒரு கையெழுத்துதானே" என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 128, ஜாமீன் போட்டவரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமம் என்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, தம்பியிடம் எல்லா வழியிலும் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் மகனிடம் வர வேண்டும் என்ற கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை. நேராகவே வரலாம். தவணை தவறினால் உங்கள் மகனின் சிபில் அறிக்கையிலும், அதாவது கடன் வரலாற்றிலும், கறை விழும். ஒழுங்காகக் கட்டினாலும்கூட, பின்னால் அவர் வீட்டுக் கடன் கேட்டுப் போகும்போது இந்தப் பொறுப்பையும் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் தகுதியைப் பார்ப்பார்கள். 32,000 சம்பளத்தில் இன்னொருவரின் 23,000 தவணைக்குப் பொறுப்பேற்பதா? எட்டு மாதம் வேலை பார்த்த பையன் இதற்குச் சம்மதித்தால் அது சித்தப்பாவுக்காக இருக்காது, உங்கள் முகத்துக்காக இருக்கும். ஆகையால் இதை மறுக்க வேண்டியவர் நீங்கள். அவர் வாயால் சித்தப்பாவிடம் மாட்டேன் என்று சொல்லும்படி விட்டுவிடாதீர்கள்.

தம்பியிடம் என்ன பேசுவது? நான்கு வருடத்தில் மூன்று முறை பணம் கேட்கும் தொழிலுக்கு உண்மையிலேயே பணம்தான் போதவில்லையா, தொழிலே நஷ்டத்தில் ஓடுகிறதா என்று நீங்கள் ஒருமுறையாவது கேட்டதாகக் கடிதத்தில் இல்லை. யாருக்கு எவ்வளவு பாக்கி, வர வேண்டியது எவ்வளவு, மாத வாடகை, கூலி என்ன என்று ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். அண்ணன் கணக்குக் கேட்டால் தம்பிக்குக் கோபம் வரும். வரட்டும். கணக்குக் கேட்காத கடன் வேண்டும் என்றால் அதற்குப் பெயர் அன்பளிப்பு, அதைத் தர உங்களிடம் இப்போது 10 லட்சம் இல்லை.

மாதம் 5,000 ரூபாய், ஒரு வருடத்துக்கு, தொழிலுக்கு இல்லாமல் அவர் வீட்டுச் செலவுக்கென்று கொடுக்க முடியுமா? முடிந்தால் கொடுங்கள். திரும்பி வரும் என்று எதிர்பார்க்காமல் கொடுங்கள். தம்பி பிள்ளைகளின் படிப்புக் கட்டணத்தை நேரடியாகப் பள்ளியில் கட்டுவது இன்னும் நல்லது. கைவிடவில்லை என்பதற்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

கொடுத்த பணத்துக்கு எழுத்து ஏதாவது இருக்கிறதா? இருக்காது என்று நினைக்கிறேன், அண்ணன் தம்பிக்குள் யாரும் எழுதுவதில்லை. திருப்பித் தரும் தேதி எதுவும் பேசாமல் கொடுத்த கடனுக்கு, கொடுத்த நாளிலிருந்து மூன்று ஆண்டுதான் சட்டப்படி காலவரம்பு. 2021-ல் கொடுத்தது ஏற்கெனவே அந்த வரம்பைத் தாண்டிவிட்டது. 2023-ல் கொடுத்ததும் நெருங்குகிறது. காலாவதியான கடனைக்கூட, தருகிறேன் என்று அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அது புது ஒப்பந்தமாகச் செல்லும். தம்பி மேல் வழக்குப் போடுங்கள் என்று சொல்லவில்லை. நாளை அவர் தொழிலை விற்கிறார், குடும்பச் சொத்தைப் பிரிக்கிறீர்கள் என்றால் அப்போது பேசுவதற்கு ஒரு தாள் இருக்கட்டும்.

ஆனால் தம்பியிடம் போவதற்கு முன்னால் மனைவியிடம் போங்கள். 2023 டாப்-அப் பற்றி இந்த வாரமே சொல்லிவிடுங்கள். திட்டு விழும், அதைத் தவிர்க்க வழியில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். மனைவிக்குத் தெரியாமல் கடன் வாங்கத் தெரிந்ததால்தான் உங்களால் இரண்டாவது முறை சரி என்று சொல்ல முடிந்தது. இனி வீட்டில் இருவரும் ஒப்புக்கொள்ளாமல் எந்தக் கையெழுத்தும் இல்லை என்று வைத்துக்கொண்டால், தம்பியிடம் மறுப்பதும் உங்களுக்குச் சுலபமாகும்.

முகவர் சொன்ன திட்டத்துக்கு ஒரு நிமிடம் போதும். ஆண்டுக்கு 1 லட்சம் வீதம் 10 ஆண்டு கட்டி, 20-வது ஆண்டு முடிவில் 20 லட்சம் வாங்கினால் அது ஆண்டுக்குச் சுமார் நாலரை சதவீதக் கூட்டு வட்டி. "இரட்டிப்பு உறுதி" என்று கேட்கும்போது பெரிதாகத் தெரிகிறது, அவ்வளவுதான். 14 சதவீதக் கடனைச் சுமந்துகொண்டு நாலரை சதவீதத்துக்குப் பணம் போடுவதை எந்தக் கணக்கிலும் நியாயப்படுத்த முடியாது. கையில் 1 லட்சம் இருந்தால் அதைக் கடன் அசலில் கட்டுங்கள். முன்கூட்டிக் கட்டினால் கட்டணம் உண்டா என்று முதலில் உங்கள் கடன் ஒப்பந்தத்தைப் பாருங்கள். நிலையான வட்டிக் கடன் என்றால் சில சதவீதம் கேட்பார்கள். அதைக் கழித்தாலும் லாபம் உங்களுக்குத்தான்.

சரி, மகன். 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) வணிகம் செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேர் பணத்தை இழந்தார்கள் என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியே கணக்கெடுத்துச் சொல்லியிருக்கிறது. இதை நீங்கள் சொன்னால் கேட்க மாட்டார். இப்போதைக்குச் சொல்லவும் வேண்டாம். 18,000-ல் நின்றது நல்லது, அவர் வயதில் அது இரண்டு மூன்று வாரச் சம்பளம். கடன் வாங்கி விளையாடாத வரை அதோடு விடுங்கள்.

வேலை, பணம், குடும்பம் பற்றி என்ன சொல்லி வளர்ப்பது என்று கேட்டீர்கள். 23 வயதில் வளர்ந்துவிட்டார். அவர் உங்களிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார், அதற்கு நேர்மையான பதிலைக் கொடுங்கள். கூப்பிட்டு உட்கார வைத்து, மேலே போட்ட கணக்கை அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். "சித்தப்பாவுக்கு உதவினதில் வருத்தமில்லை, கடன் வாங்கி உதவினதுதான் எனக்கு வினையாயிற்று, இனி டாப்-அப் இல்லை" என்று சொல்லுங்கள். வேறு உபதேசம் வேண்டாம். தம்பியைப் பற்றி ஒரு குறையும் சொல்லிவிடாதீர்கள். நாளைக்கு அவர் சித்தப்பா முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.

அவர் கேட்டால் மட்டும் இதையும் சொல்லலாம்: மாதம் 5,000 வீதம் 7 சதவீதத்தில் 15 வருடம் போட்டால் கிட்டத்தட்ட 16 லட்சம் ஆகும், அதில் அவர் கைக்காசு 9 லட்சம். அந்த 5,000 சம்பளம் வந்த மறுநாளே போய்விட வேண்டும். வேலை மாறும்போது பி.எஃப். பணத்தை எடுத்துச் செலவழிக்காமல் புது நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு வேலை. பர்சனல் லோனோடு பல இடங்களில், கடன் வாங்கியவர் இறந்தால் கடனை அடைக்கும் ஒரு காப்பீட்டையும் சேர்த்து விற்றுவிடுகிறார்கள். பிரீமியத்தைக் கடன் தொகையிலேயே பிடித்துவிடுவதால் வாங்கியவருக்கே தெரிவதில்லை. 2021, 2023 இரண்டு முறையும் கணக்கில் வந்த தொகையைக் கடன் தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நான் போட்ட கட்டணத்தைவிட அதிகமாகக் குறைந்திருந்தால் அப்படி ஒரு பாலிசி இருக்க வாய்ப்பு உண்டு. இருந்தால் பத்திரத்தை வங்கியில் கேட்டு வாங்கி, எத்தனை வருடத்துக்கு, எவ்வளவுக்கு என்று பார்த்து மனைவியிடம் கொடுத்து வையுங்கள். இல்லையென்றால் இந்தக் கடன் முடியும் வரைக்காவது உங்கள் பெயரில் ஒரு டேர்ம் பாலிசி (இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் ஆயுள் காப்பீடு) எடுங்கள். 51 வயதில் மருத்துவப் பரிசோதனை கேட்பார்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம் எதையும் மறைக்காமல் எழுதுங்கள்.