வாய் வறட்சி: சேலத்துக் கேள்விகள், ஒரு பல் மருத்துவரின் பதில்கள்

வாய் வறட்சியைப் பற்றிய ஐயங்களை எழுதி அனுப்புமாறு நம் குடியிருப்போர் சங்க உறுப்பினர்களிடம் கேட்டிருந்தேன். வந்தவற்றில் பாதிக்கு மேற்பட்டவை, "தண்ணீர் நிறையத்தான் குடிக்கிறேன், ஆனாலும்..." என்றே தொடங்கின. ஆகவே நானும் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கேள்வி: எனக்கு வயது 64, அம்மாபேட்டையில் இருக்கிறேன். மாலையில் தட்டுவடை செட் வாங்கிச் சாப்பிடுவது பல ஆண்டுப் பழக்கம். இப்போது வாயில் போட்டால் மாவாகி அண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. தண்ணீர் இல்லாமல் விழுங்க முடியவில்லை. நாளுக்கு நான்கு லிட்டர் குடித்தும் பயனில்லை. வயதானால் இப்படித்தானா, டாக்டர்?

பதில்: அறியாமலே ஒரு பரிசோதனையைச் செய்து முடித்திருக்கிறீர்கள், அம்மா. உலர்ந்த பிஸ்கட்டைத் தண்ணீரின் துணையின்றி விழுங்க முடிகிறதா என்பது நாங்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி. சேலத்தில் அதைத் தட்டுவடையை வைத்தே கேட்டுவிடலாம்.

காதின் முன்னும், கீழ்த்தாடையின் அடியிலும், நாக்கின் அடியிலுமாக மூன்று இணைப் பெரிய சுரப்பிகளும், உதடு, கன்னம், அண்ணம் எங்கும் பரவிய நூற்றுக்கணக்கான சிறு சுரப்பிகளும் சேர்ந்து நாளொன்றுக்கு அரை முதல் ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீரைத் தருகின்றன. அதில் நூற்றுக்கு 99 பங்கு தண்ணீர்தான் என்றாலும், வழுவழுப்பைத் தரும் புரதமும், அமிலத்தை முறிக்கும் காரமும், பல்லில் கரைந்த இடத்தை மீண்டும் நிரப்பும் கால்சியமும், கிருமிகளை அடக்கும் பொருள்களும் மீதமுள்ள அந்த ஒரு பங்கில்தான் இருக்கின்றன. தண்ணீரை மடக்மடக்கென்று குடிக்கும்போது, இருக்கிற கொஞ்ச உமிழ்நீரும் அதனோடு சேர்ந்து வயிற்றுக்குப் போய்விடுகிறது; ஐந்து நிமிடத்தில் வாய் முன்போலவே காய்ந்துவிடுகிறது. போதாக்குறைக்கு இரவில் சிறுநீர் கழிக்க எழுந்து எழுந்து தூக்கமும் கெடுகிறது. தாகம் உடம்பினுடையது, வறட்சி வாயினுடையது. எனவே குடிக்கும் அளவைக் கூட்டாமல், ஒரு வாய் எடுத்துச் சற்று நேரம் வாயில் வைத்திருந்து விழுங்குங்கள். இதய நோயோ சிறுநீரக நோயோ இருந்து, தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லியிருந்தால் அந்த அளவை ஒருபோதும் மீறாதீர்கள்.

வயதின் மேல் பழி போடுவதை நான் ஏற்பதில்லை. மருந்து எதுவும் எடுக்காத, ஆரோக்கியமான முதியவர்களில் பெரும்பாலோருக்கு வாய் ஈரமாகத்தான் இருக்கிறது. உங்களை நேரில் பார்த்தால், கால் மணி நேரம் அமைதியாக அமரவைத்து, ஊறும் உமிழ்நீரை ஒரு குவளையில் துப்பச் சொல்லி அளப்பேன். ஒன்றரை மில்லிக்கு மேல் தேறாவிட்டால் சுரப்பு குறைவு என்று உறுதியாகும். வரும்போது வீட்டிலுள்ள மாத்திரை அட்டைகள் அனைத்தையும் ஒரு பையில் எடுத்து வாருங்கள்.

கேள்வி: மாத்திரைக்கும் எச்சிலுக்கும் என்ன தொடர்பு? சூரமங்கலத்தில் இருக்கும் என் கணவர் இரத்த அழுத்தத்துக்கு ஒன்று, சர்க்கரைக்கு இரண்டு, கால் எரிச்சலுக்கு அமிட்ரிப்டிலின், அடிக்கடி சிறுநீர் வருவதற்கு ஒன்று என எடுக்கிறார். தும்மல் வந்தால் மருந்துக் கடையில் செட்ரிசின் வாங்கிப் போட்டுக்கொள்வார்.

பதில்: நான் பார்க்கும் வாய் வறட்சிக்காரர்களில் பெரும்பாலோர் இந்தப் பட்டியலுக்குள் அடங்கிவிடுவார்கள். உமிழ்நீர்ச் சுரப்பிக்கு நரம்பு அனுப்பும் கட்டளையை அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருள் கொண்டு சேர்க்கிறது. சிறுநீர்ப்பையின் அவசரத்தைத் தணிக்கும் ஆக்சிபியூட்டினின், சோலிஃபெனசின் போன்ற மருந்துகள் அந்தக் கட்டளையைத் தடுத்தே வேலை செய்கின்றன. பையை அடக்க வந்த மருந்து போகிற வழியில் வாயையும் அடக்கிவிடுகிறது. அமிட்ரிப்டிலினுக்கும் இதே குணம் உண்டு. ஒவ்வாமை மாத்திரைகளில் பழைய வகையினவற்றில் இது மிகுதி, செட்ரிசினில் குறைவு. ஆனால் மூன்றும் ஒருவர் உடம்பில் சேரும்போது விளைவும் கூடிக்கொண்டே போகிறது.

இதைப் படித்துவிட்டு எந்த மாத்திரையையும் தாமாக நிறுத்திவிட வேண்டாம் என்று அவரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். எழுதிக்கொடுத்த மருத்துவரிடமே போய், "வாய் காய்கிறது, அளவைக் குறைக்கலாமா, வேறு மருந்து மாற்றலாமா, போடும் நேரத்தை மாற்றலாமா?" என்று மூன்று கேள்விகளைக் கேட்டால் போதும். எவரும் எழுதிக்கொடுக்காமல் தாமே வாங்கிப் போடும் மாத்திரை உண்மையிலேயே தேவைதானா என்பதை முதலில் யோசிக்கலாம்.

கேள்வி: ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தில் வேலை. பகலில் தொந்தரவில்லை. விடியற்காலையில் எழும்போது நாக்கு மரக்கட்டையாக இருக்கிறது. குளிர்காலத்தில் மூக்கடைப்பும் உண்டு. காப்பிதான் காரணம் என்கிறார்கள்.

பதில்: காப்பியை விட்டுவிடுங்கள். விட்டுவிடுங்கள் என்றால் குற்றவாளிப் பட்டியலிலிருந்து. அளவோடு குடிக்கும் காப்பி, சுரப்பைப் பெரிதாகக் குறைப்பதில்லை. அதில் போடும் சர்க்கரையும், ஒரே குவளையை அரை நாள் வைத்து உறிஞ்சும் பழக்கமுமே பல்லுக்குக் கேடு. உறக்கத்தில் உமிழ்நீர் ஏறக்குறைய நின்றுவிடுவது எல்லோருக்கும் இயல்பு. அந்த நேரத்தில் மூக்கடைத்து வாயால் மூச்சு விட்டால், மிஞ்சியிருக்கும் ஈரமும் காற்றோடு போய்விடும். அறைக்குள் ஹீட்டர் போட்டுக்கொண்டால் காற்று இன்னும் உலரும். உங்களுக்குப் பார்க்க வேண்டியது மூக்கு. காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் செல்லுங்கள். பலத்த குறட்டையும், மூச்சு நின்று திடுக்கிட்டு எழுவதும், பகலில் தூங்கி விழுவதும் இருந்தால் அவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: எலுமிச்சை மிட்டாயைச் சப்பினால் எச்சில் ஊறுகிறது. அப்படியே தொடரலாமா? நல்லெண்ணெய் கொப்பளிக்கலாமா?

பதில்: இந்த மிட்டாயால் ஆறே மாதத்தில் முன்பற்களின் அடிப்பகுதி வரிசையாகச் சொத்தையாகிப் போனதை நான் பலமுறை கண்டிருக்கிறேன், எனவே சற்றுக் கடுமையாகவே எழுதுகிறேன். புளிப்பு உமிழ்நீரை ஊறவைக்கும் என்பது உண்மை. ஆனால் அமிலம் கூடக் கூட pH என்னும் அளவீடு இறங்கும்; வாயின் pH 5.5-க்குக் கீழே இறங்கியதும் பல்லின் மேலோடான எனாமல் கரையத் தொடங்குகிறது. ஈறு இறங்கி வெளியே தெரியும் வேர்ப்பகுதி அதற்கும் முன்பே கரையும். சாதாரண வாயில் உமிழ்நீர் வந்து அந்த அமிலத்தைக் கழுவி முறித்துவிடும். வறண்ட வாயில் அதைச் செய்ய ஆளில்லை. அங்கே புளிப்பும் சர்க்கரையும் சேர்ந்த மிட்டாயை நாள் முழுவதும் கன்னத்தில் ஒதுக்கி வைத்தால் என்ன ஆகும்?

சைலிட்டால் என்னும் மாற்று இனிப்பைச் சேர்த்த, சர்க்கரையில்லாத சூயிங்கத்தை உணவுக்குப் பின் மெல்லலாம். சுரப்பியில் உயிர் இருந்தால் மெல்லும் வேலையே உமிழ்நீரை வரவழைக்கும். வீட்டில் நாய் வளர்ப்பவர்கள் அதை எட்டாத இடத்தில் வையுங்கள், சைலிட்டால் நாய்களுக்கு நஞ்சு. நல்லெண்ணெய் சிறிது நேரம் வழுவழுப்பைத் தரும், தடையில்லை. அதைச் சிகிச்சை என்று எண்ணிப் பல் துலக்குவதை விட்டுவிடக் கூடாது. ஆல்கஹால் கலந்த வாய் கொப்பளிக்கும் திரவம் வேண்டாம், அது எரிச்சலையும் வறட்சியையும் கூட்டும்.

கேள்வி: ஓமலூர்ப் பக்கம் எங்கள் போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம் என்கிறார்கள். பல் மருத்துவர்களோ வாய் வறண்டவர்களுக்கு ஃபுளோரைடு பற்பசையைப் பரிந்துரைக்கிறீர்களே?

பதில்: நியாயமான கேள்வி. சேலம், தருமபுரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த ஊர்கள் பல உண்டு. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு. பற்களில் கறை விழுவது, எட்டு வயதுக்குள் பல் உருவாகும் பருவத்தில் அந்த நீரை விழுங்குவதால். பெரியவர்கள் பற்பசையை விழுங்குவதில்லை, துப்பிவிடுகிறோம். எனவே வாய் வறண்ட பெரியவர்கள் அதை அஞ்ச வேண்டியதில்லை. துலக்கியபின் நுரையைத் துப்புங்கள், தண்ணீர் விட்டுக் கொப்பளிக்காதீர்கள். குடிநீரைப் பரிசோதிப்பது தனி வேலை. எலும்புக்காக அதையும் செய்யுங்கள்.

கேள்வி: வயது 47. வாயோடு கண்ணும் மணல் விழுந்ததுபோல் உறுத்துகிறது. விரல் மூட்டுகளில் வலி.

பதில்: உங்கள் கடிதத்துக்குத்தான் முதலில் பதில் எழுதியிருக்க வேண்டும். உடம்பின் எதிர்ப்பாற்றலே கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளைத் தாக்கும் ஷோகிரன் நோய் இப்படித் தோன்றலாம். 1933-இல் இதை விரிவாக எழுதிய ஸ்வீடன் நாட்டுக் கண் மருத்துவரின் பெயர் அது. பாதிக்கப்படுவோரில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். மூட்டுவாத நிபுணரை இந்த மாதமே பாருங்கள். இரத்தப் பரிசோதனையும் கண்ணீர் அளவும், தேவைப்பட்டால் உள்ளுதட்டிலிருந்து சிறு திசுவும் எடுத்துப் பார்ப்பார்கள். காதுக்கு முன்னால் வீக்கம் ஏற்பட்டு வடியாமல் நின்றால் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: அப்பாவுக்குத் தொண்டைப் புற்றுநோய்க்குக் கரண்ட் வைத்து ஆறு மாதமாகிறது. சோறு இறங்கவில்லை. ஆடுகிற ஒரு பல்லையும் எடுத்துவிடலாமா?

பதில்: பல்லை இப்போது எடுக்க வேண்டாம். கதிர்வீச்சு பட்ட தாடை எலும்பில் இரத்த ஓட்டம் குறைந்திருக்கும். பல் எடுத்த குழி ஆறாமல் எலும்பே அழுகிப்போகும் ஆபத்து உண்டு. சிகிச்சை அளித்த மருத்துவமனையின் குறிப்புகளைப் பல் மருத்துவரிடம் காட்டிய பிறகே முடிவெடுக்க வேண்டும். சுரப்பி ஓரளவு மீளக்கூடும். அதற்கு ஓரிரு ஆண்டுகள்கூட ஆகலாம். பைலோகார்பின் மாத்திரை சிலருக்குச் சுரப்பைத் தூண்டும், வியர்வையும் கூடும். கட்டுக்குள் வராத ஆஸ்துமாவோ குறுகிய கோணக் கண் அழுத்த நோயோ உள்ளவர்களுக்கு ஆகாது. உணவில் காரத்தைக் குறைத்து, குழைந்த ரசம் சாதம், மோர் சாதம், ஆறிய கஞ்சி கொடுங்கள். ஜவ்வரிசிக் கஞ்சி வழுக்கிக்கொண்டு இறங்கும். ஆனால் மாவுச்சத்து பல்லில் தங்கும், குடித்ததும் வாயைக் கழுவச் சொல்லுங்கள்.

கேள்வி: பல் செட் நழுவுகிறது, அடியில் எரிகிறது.

பதில்: செட்டைப் பிடித்து நிறுத்துவதே மெல்லிய உமிழ்நீர்ப் படலம்தான். எரிச்சலும், அண்ணத்தில் சிவப்பும், கடைவாயில் வெடிப்பும் பூஞ்சைத் தொற்றைக் காட்டுகின்றன. அதற்கு மருந்து உண்டு. இரவில் செட்டைக் கழற்றித் தேய்த்துக் கழுவித் தண்ணீரில் போட்டுவிட்டுத் தூங்குங்கள்.