ஜெர்மன் கீபோர்டு லேப்டாப்: வாங்கலாமா, வேண்டாமா?

ஜெர்மனியில் கெம்னிட்ஸ் நகரில் முதுநிலை படிக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்:

"வணக்கம் சார். திருச்சியிலிருந்து கொண்டுவந்த லேப்டாப் போன வாரம் செத்துவிட்டது. இங்கே கடையில் தள்ளுபடியில் இருப்பதெல்லாம் ஜெர்மன் கீபோர்டுதான். இசட் இருக்க வேண்டிய இடத்தில் ஒய், ஒய் இருக்க வேண்டிய இடத்தில் இசட், நடுவில் புள்ளி வைத்த எழுத்துகள் வேறு. எனக்கு பைத்தான் நிரல் எழுத வேண்டும். ஆய்வறிக்கை ஆங்கிலத்தில். ராத்திரியில் தமிழ்99 தட்டச்சு முறையில் கொஞ்சம் கதை எழுதுவேன். இரண்டு வருடத்தில் ஊர் திரும்பிவிடலாம். அடுத்த மாதம் தோழி ஊரிலிருந்து வருகிறாள். அவளிடம் ஒன்று வாங்கி வரச் சொல்லட்டுமா, இல்லை இதையே வாங்கிப் பழகிக்கொள்ளட்டுமா?"

இங்கேயே வாங்குங்கள். ஜெர்மன் கீபோர்டு போதும். ஆனால் பணம் கட்டுவதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். நண்பர் யாரிடமாவது ஊர் லேப்டாப் இருந்தால் கடன் வாங்கி, இரண்டு கைகளையும் மறைக்கிற மாதிரி ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, வழக்கமாக எழுதுகிற பைத்தான் நிரல் பத்து வரியைத் தட்டுங்கள். எழுத்துகள் சரியாக வந்துவிடும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. சதுர அடைப்பு, நெளி அடைப்பு, மேற்கோள் குறி, அடிக்கோடு வரும்போது கண் துண்டுக்குள் போகிறதா என்று கவனியுங்கள். பெரும்பாலானவர்களுக்குப் போகும். "நான் பார்க்காமலே தட்டுவேன்" என்பவர்களில் பாதிப் பேர் எழுத்தைத்தான் பார்க்காமல் தட்டுகிறார்கள், குறிகளைப் பார்த்துத்தான் தட்டுகிறார்கள். ஜெர்மன் கீபோர்டு உங்களைத் தடுக்கி விழவைப்பது அங்கேதான். ஒய், இசட் குழப்பம் ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும்.

ஏன் என்று சொல்கிறேன். ஒரு கீயை அழுத்தும்போது லேப்டாப்புக்கு எழுத்து எதுவும் போவதில்லை. "இத்தனாவது இடத்தில் இருக்கும் கீ அழுத்தப்பட்டது" என்று ஓர் எண் மட்டும் போகிறது. அதை எந்த எழுத்தாகக் காட்டுவது என்பதை முடிவு செய்வது விண்டோஸ். இடது ஷிப்டுக்குப் பக்கத்தில் திருச்சியில் இசட் என்றும் கெம்னிட்ஸில் ஒய் என்றும் அச்சடித்த கீ அனுப்புவது ஒரே எண்ணைத்தான். அதனால் விண்டோஸ் செட்டிங்ஸில் போய் கீபோர்டு அமைப்பை "ஆங்கிலம், அமெரிக்கா" என்று மாற்றிவிட்டால், மேலே என்ன அச்சடித்திருந்தாலும் உங்கள் விரல் பழகிய எழுத்துதான் திரையில் வரும். 26 ஆங்கில எழுத்துகளில் 24 ஏற்கெனவே அதே இடத்தில்தான் இருக்கின்றன. (ஜெர்மனில் இசட் அடிக்கடி வரும், ஒய் அபூர்வம். அதனால் இசட்டை நடுவில் நல்ல இடத்தில் வைத்துக்கொண்டார்கள்.)

மாறியிருப்பது குறிகள். ஜெர்மன் அமைப்பில் @ வேண்டுமென்றால் ஸ்பேஸ் பாருக்கு வலப்பக்கம் இருக்கும் ஆல்ட் ஜிஆர் (Alt Gr) கீயோடு க்யூ. நெளி அடைப்புக்கு ஆல்ட் ஜிஆரோடு 7, 0. சதுர அடைப்புக்கு 8, 9. வலது கட்டைவிரலை ஸ்பேஸ் பாருக்குப் பக்கத்தில் ஊன்றிக்கொண்டு அதே கையால் எண் வரிசையை எட்டிப் பிடிக்க வேண்டும். நாளெல்லாம் நிரல் எழுதுபவருக்கு மணிக்கட்டு பேசும். # குறிக்கு மட்டும் ஷிப்ட் இல்லாமல் தனி கீயே கொடுத்திருக்கிறார்கள், பைத்தானில் குறிப்பு எழுத வசதிதான். அந்த ஒரு வசதிக்காக மற்றதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. நிரல் எழுதும்போது அமெரிக்க அமைப்பு, வீட்டு ஓனருக்கோ அலுவலகத்துக்கோ ஜெர்மனில் கடிதம் எழுதும்போது ஜெர்மன் அமைப்பு, விண்டோஸ் கீயும் ஸ்பேஸ் பாரும் சேர்த்து அழுத்தினால் மாறிக்கொள்ளும். ஜெர்மன் எழுதும்போது கீ மேலேயே எழுத்து அச்சடித்திருக்கும், அது ஒரு லாபம்.

இப்போது தோழி கொண்டுவரும் லேப்டாப் விஷயம். கடைக்காரர்கள் யாரும் சொல்லாத ஒன்று இதில் இருக்கிறது. உலகத்தில் கீபோர்டு உடம்புகள் முக்கியமாக இரண்டு வகை. நம் ஊரில் விற்பது அமெரிக்க வகை, ஆன்சி என்பார்கள். ஐரோப்பாவில் பெரும்பாலும் ஐஎஸ்ஓ வகை. ஐஎஸ்ஓவில் ஒரு கீ கூடுதல். இடது ஷிப்டைக் குட்டையாக வெட்டி, அதற்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவில் அதைச் செருகியிருப்பார்கள். ஜெர்மன் கீபோர்டில் அதன் மேல் < > | மூன்றும் இருக்கும். ஜெர்மன் கீபோர்டில் அமெரிக்க அமைப்பைப் போட்டால் எதுவும் குறையாது. கூடுதல் கீ சும்மா \ குறியை இரண்டாம் தடவை தரும், அவ்வளவுதான். ஆனால் ஊர் லேப்டாப்பில் ஜெர்மன் அமைப்பைப் போட்டால், அந்தக் கீயே உடம்பில் கிடையாது. < > | மூன்றையும் எங்கே தேடுவது? ஆக, இங்கே வாங்கும் லேப்டாப் இரண்டு வேலையும் பார்க்கும். அங்கிருந்து வருவது ஒன்றைத்தான் முழுசாகப் பார்க்கும்.

ஐஎஸ்ஓ உடம்பில் தொல்லை இல்லாமல் இல்லை. என்டர் கீ குத்துவாக்கில் உயரமாக, அகலம் குறைந்து இருக்கும். சுண்டுவிரல் ஒரு கீ தூரம் கூடுதலாக நீள வேண்டும். குட்டை ஷிப்டும் அப்படித்தான். பெரிய எழுத்து வேண்டும் என்று அழுத்தினால் \ வந்து நிற்கும். இதை எந்த அமைப்பாலும் முழுசாகச் சரி செய்ய முடியாது. ரொம்பப் படுத்தினால் மைக்ரோசாஃப்டின் பவர்டாய்ஸ் என்ற இலவசச் செயலியில் அந்தக் கூடுதல் கீயையும் ஷிப்டாகவே மாற்றிவிடலாம். கடையில் லேப்டாப்பைத் தொட்டுப் பார்க்கும்போது என்டர், இடது ஷிப்ட் இந்த இரண்டு கீயையும்தான் பத்து நிமிடம் தட்டிப் பாருங்கள்.

தமிழுக்கு வருவோம். உங்களுக்கு இது நல்ல செய்தி. தமிழ்99 இடத்தை வைத்து ஓடும் அமைப்பு. விண்டோஸில் தமிழைச் சேர்த்தால் தமிழ்99 அதிலேயே கிடைக்கும், தனியாக எதையும் இறக்க வேண்டாம். கீ மேல் அச்சடித்திருப்பது ஜெர்மனா ஜப்பானா என்று அதற்குக் கவலையே இல்லை. உங்கள் விரல் போகும் இடத்தில் உங்கள் எழுத்து இருக்கும். கண்ணால் பார்த்தால்தான் வேடிக்கை. புள்ளி வைத்த யூவில் ச, அதற்கு அடுத்த + குறியில் ஞ, புள்ளி வைத்த ஓவில் ந, புள்ளி வைத்த ஏயில் ய. இசட் என்று எழுதிய கீயில் ள, ஒய் என்று எழுதியதில் ஔ. கழித்தல் குறியைத் தட்டினால் ழ. ஒருவிதத்தில் ஜெர்மன்காரர்களும் நாமும் அந்த வலது ஓரத்து கீகளை ஒரே மாதிரிதான் பயன்படுத்துகிறோம். ஆங்கிலக்காரர்கள் நிறுத்தக்குறிக்கு ஒதுக்கிய இடத்தில் இரண்டு பேருமே எழுத்தை உட்கார வைத்திருக்கிறோம்.

ஆங்கில எழுத்தில் ஒலியைத் தட்டித் தமிழ் வரவழைப்பவர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. அதில் இசட்டுக்கு ழ, ஒய்க்கு ய. அடியில் எந்த அமைப்பு ஓடுகிறது என்பதைப் பொறுத்து இரண்டும் இடம் மாறி, மழை பெய்ய வேண்டிய இடத்தில் மயை வரக்கூடும்.

செட்டிங்ஸில் மொழிகளைச் சேர்த்ததும், தேவையில்லாதவற்றை நீக்கிவிடுங்கள். அமெரிக்க ஆங்கிலம், தமிழ்99, ஜெர்மன், மூன்று போதும். விண்டோஸில் இடது ஆல்ட்டும் ஷிப்டும் சேர்ந்து பட்டால் மொழி தானாக மாறும். "நேற்று வரை சரியாக இருந்தது, இன்று இசட் அடித்தால் ஒய் வருகிறது, கீபோர்டு கெட்டுப்போச்சா?" என்று எனக்கு வருகிற கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு இதுதான் விடை.

கடவுச்சொல்லில் ஜாக்கிரதையாக இருங்கள். நான் இந்த நாட்டுக்கு வந்த முதல் வாரம், வேலை செய்த இடத்தில் கொடுத்த கணினியில் நானே வைத்த கடவுச்சொல் ஏறவில்லை. அதில் ஒரு ஒய், ஒரு @. திரையில் நட்சத்திரம்தானே தெரிகிறது, ஒய் என்று நினைத்து இசட்டையும் @ என்று நினைத்து இரட்டை மேற்கோளையும் அனுப்பிக்கொண்டிருந்தேன். கணக்கு பூட்டிக்கொண்டது. முதல் நாளே உதவி மேசைக்குப் போய் நிற்கிற வெட்கம் இருக்கிறதே! உள்நுழையும் திரையின் ஓரத்தில் எந்த மொழி என்று காட்டும், அதைப் பாருங்கள். விண்டோஸ் எழும்புவதற்கு முன்னால் வரும் திரைகளில் அந்த வசதியும் இருக்காது. ஒய், இசட், குறிகள் இல்லாமல், நீளமாக, எழுத்தும் எண்ணும் மட்டும் கலந்து வைத்தால் அமெரிக்க அமைப்பிலும் ஜெர்மன் அமைப்பிலும் ஏறும்.

ஸ்டிக்கர் ஒட்டலாமா என்று அடுத்து கேட்பீர்கள். மொத்த கீபோர்டுக்கும் வேண்டாம். துண்டுச் சோதனையில் கண் எங்கே போனதோ அங்கே மட்டும், வலது ஓரத்து கீகளுக்கும் எண் வரிசைக்கும் ஒட்டுங்கள். பின்னால் விளக்கு எரியும் கீபோர்டாக இருந்தால் ஒளி ஊடுருவும் வகை வாங்குங்கள், இல்லாவிட்டால் ராத்திரியில் அந்த கீகள் மட்டும் குருடாகிவிடும். சிலிக்கான் உறை போடாதீர்கள். மெல்லிய லேப்டாப்பை மூடும்போது அது திரையில் அழுந்தித் தடம் விழும்.

ஜெர்மன் கீபோர்டே ஆகாது என்று மனம் சொன்னால், நெதர்லாந்து கடைகளைப் பாருங்கள். அங்கே அமெரிக்க அச்சோடு € சேர்த்த கீபோர்டுதான் வழக்கம். போலந்திலும் அமெரிக்க அமைப்புதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 டிசம்பரிலிருந்து, வேறு உறுப்பு நாட்டில் வசிப்பவர் என்பதற்காக உங்களுக்கு விற்க மாட்டேன் என்று கடை சொல்ல முடியாது. உங்கள் ஊருக்கு அனுப்பித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்கு இல்லை. பழுதானால் அந்தக் கடையோடுதான் மல்லுக்கட்ட வேண்டும். ஆப்பிள் இணையக் கடையில் வாங்கும்போதே கீபோர்டு மொழியைத் தேர்ந்தெடுக்கலாம், வந்துசேரக் கொஞ்ச நாள் கூடுதலாகும். அதை அப்போதே முடிவு செய்துவிடுங்கள், மேக்புக்கில் பின்னால் மாற்றுவதென்றால் மேல் பாகத்தையே மாற்ற வேண்டும், செலவு கண்ணைக் கட்டும். தின்க்பேட் மாதிரி அலுவலக லேப்டாப்கள் பலவற்றில் கீபோர்டை மட்டும் கழற்றி மாற்றலாம். ஃபிரேம்வொர்க் லேப்டாப்பில் அது திருகாணி வேலைதான். ஊர் திரும்பியபின் விற்கவோ அப்பாவிடம் கொடுக்கவோ நினைத்தால் இந்த வகையில் ஒன்றை எடுப்பது புத்திசாலித்தனம்.

இதே கேள்வியை பாரிசிலிருந்து ஒருவர் கேட்டிருந்தால் இவ்வளவு தைரியமாகச் சொல்லியிருக்க மாட்டேன். பிரெஞ்சு கீபோர்டில் ஏயும் க்யூவும், டபிள்யூவும் இசட்டும் இடம் மாறியிருக்கும், எம் வேறு எங்கோ இருக்கும், எண்களுக்கே ஷிப்ட் பிடிக்க வேண்டும். பார்த்துத் தட்டுபவர் அதில் அமெரிக்க அமைப்பைப் போட்டுக்கொண்டால் பைத்தியம் பிடிக்கும்.

வாங்கும் முறையில் ஒரே ஒரு யோசனை: இணையத்தில் வாங்குங்கள். ஜெர்மனியில் இணையத்தில் வாங்கினால் கையில் வந்த பிறகு 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமல் திருப்பிக் கொடுக்கும் உரிமை உண்டு. கடையில் நேரில் வாங்கினால் சட்டப்படி அது கிடையாது, அவர்கள் மனம் வைத்தால்தான். புது லேப்டாப்பில் குறை இருந்தால் விற்றவர் இரண்டு வருடம் பொறுப்பு, அது இரண்டு வழிக்கும் பொது. அந்த 14 நாளில் பத்து நாளாவது அமெரிக்க அமைப்பில் நிரல் எழுதிப் பாருங்கள், சுண்டுவிரலே தீர்ப்பு சொல்லிவிடும்.

தோழியிடம் லேப்டாப் வாங்கி வரச் சொல்வதில் சுங்கச் சிக்கலும் இருக்கிறது. விமானத்தில் வருபவர் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரியில்லாமல் கொண்டுவரக்கூடிய பொருளின் மதிப்பு 430 யூரோதான். உங்களுக்காக வாங்கிய புது லேப்டாப் அதைத் தாண்டினால் அறிவித்து வரி கட்ட வேண்டும். பெட்டியோடு பிடிபட்டால் மாட்டுவது அவர்தான், நீங்கள் இல்லை. அதற்குப் பதில் ஊரில் கிடைக்கும் ஒரு சாதாரண யூஎஸ்பி கீபோர்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள். நீளமான ஷிப்ட், படுக்கைவாக்கில் என்டர், உங்கள் விரல் பழகிய அதே உடம்பு. மேசையில் உட்கார்ந்து நிரல் எழுதும்போது அது, மடியில் வைத்துக் கதை எழுதும்போது ஜெர்மன்.