கடலைப் பார்த்தால் எனக்கு ஒன்றுமே தோன்றவில்லையே!

கேள்வி: வயது 36, வங்கி வேலை. தோழிகள் கடலைப் பார்த்து மெய்மறந்து நிற்கிறார்கள், கச்சேரியில் கண் கலங்குகிறார்கள். எனக்கு எதுவும் ஆவதில்லை. நான் ரசனையே இல்லாத ஜென்மமா?
- பெயர் வேண்டாம், குரோம்பேட்டை

பதில்: அட, கடலை மொத்தமாகப் பார்த்தால் யாருக்குத்தான் என்ன தோன்றும்? மெய்மறந்து நிற்கிறவர்களில் பாதிப் பேர் சுண்டல்காரரைத் தேடிக்கொண்டிருப்பார்கள் என்பது என் சந்தேகம். அடுத்த தடவை பெசன்ட் நகர் போனால் கடலை விட்டுவிடுங்கள். கூட்டமில்லாத பக்கமாக, ஈர மணலுக்குச் சற்று மேலே ஒரு நண்டு வளையைப் பார்த்து, நாலடி தள்ளி ஆடாமல் உட்காருங்கள். முதலில் குச்சி மாதிரி இரண்டு கண்கள் மட்டும் எட்டிப் பார்க்கும், அப்புறம் ஒரு பிடி மண்ணை அணைத்துக்கொண்டு நண்டு வெளியே வந்து, அதை வீசி எறிந்துவிட்டு, பக்கவாட்டில் ஒரே ஓட்டமாக உள்ளே போய்விடும். திரும்ப வரும். உங்களுக்கே நேரம் போவது தெரியாது.

ரசனை தானாக வந்து கொட்டாது, ஒரு சின்ன விஷயத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே போக வேண்டும். கச்சேரியும் அப்படித்தான். மார்கழியில் சபாக்களில் மதியக் கச்சேரிகள் பலவும் இலவசம், இடமும் கிடைக்கும். ராகமெல்லாம் தெரிய வேண்டாம், ஆதி தாளம் மட்டும் போடப் பழகுங்கள்: தொடையில் ஒரு தட்டு, மூன்று விரல் எண்ணிக்கை, பிறகு தட்டு வீச்சு, தட்டு வீச்சு (வீச்சு என்றால் உள்ளங்கையை மேலே திருப்புவது), மொத்தம் எட்டு. பாட்டு நின்று மிருதங்கம் மாதிரி தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கிற தனி ஆவர்த்தனம் வந்ததும் பாதி சபை கேன்டீனுக்கு ஓடும் (இந்தக் கொடுமையை என்னவென்று சொல்வது!), நீங்கள் ஓடாமல் தாளத்தை விடாமல் போட்டுக்கொண்டே இருங்கள். மிருதங்கக்காரர் எங்கெங்கோ சுற்றிவிட்டு உங்கள் கை விழுகிற இடத்திலேயே வந்து இறங்கும்போது உடம்பு சிலிர்க்கிறதா இல்லையா என்று எனக்கு எழுதுங்கள்.

ஆனால் ஒன்று. பிடித்த சாப்பாடு, தூக்கம், வீட்டார் பேச்சு எதுவுமே வாரக்கணக்கில் ருசிக்கவில்லை என்றால் இது ரசனை சமாச்சாரமே இல்லை, மனநல மருத்துவரைப் பாருங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

அதெல்லாம் இல்லையென்றால், சிற்பத்துக்கு மாமல்லபுரம். அர்ச்சுனன் தபசு என்கிற அந்தப் பெரிய பாறையில் எல்லாரும் யானையைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். யானைக்குப் பக்கத்திலேயே ஒரு பூனை இரண்டு கையையும் தூக்கித் தவம் செய்கிறது, அதன் காலடியில் எலிகள்! 7ஆம் நூற்றாண்டுச் சிற்பிக்கு என்ன குசும்பு பாருங்கள். இன்னொரு பக்கம் ஒரு மான் பின்னங்காலால் மூக்கைச் சொறிகிறது, அதை நீங்களே தேடிக் கண்டுபிடியுங்கள். பாறை கிழக்கு பார்த்தது, காலை வெயில் நேராக விழும், அதனால் டூரிஸ்ட் பஸ்கள் வருவதற்குள் போய்விடுங்கள்.