பில்லில் 'பர்மா தேக்கு' என்று எழுதச் சொல்லுங்கள்

கேள்வி: சென்னையில் மகன் வாங்கிய ஃபிளாட்டுக்கு ஆத்தங்குடி டைல்ஸ் என்று சொல்லி விற்றார்கள். பாதி பதித்த பிறகு கொத்தனார், "ஆச்சி, இது வெறும் பிரிண்ட் டைல்ஸ்" என்கிறார். கடைக்காரர் திரும்ப எடுக்க மறுக்கிறார்.
– காரைக்குடி வாசகி

பதில்: மனசைத் தளர விடாதீர்கள் ஆச்சி, தப்பு உங்கள் மேல் இல்லை. ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடியின் மேல் அச்சு வைத்து, சாயம் கலந்த சிமென்ட் குழம்பைக் கையால் ஊற்றி, அதன் மேல் சிமென்டும் மணலும் போட்டு அழுத்தி, பிறகு தண்ணீரில் ஊறப் போடுவார்கள். அதனால் ஓரத்தில் சாயம் தனி அடுக்காகத் தெரியும், பின்பக்கம் சொரசொரவென்று சிமென்டாக இருக்கும். உங்களுடையதில் பின்பக்கம் கட்டம் கட்டமாக வரி இருக்கும், பாருங்கள். பெட்டி, பில், பதிக்காத கல் நாலு எதையும் தூக்கிப் போடாதீர்கள். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்யுங்கள். கடை சென்னையில் இருந்தாலும் நீங்கள் இருக்கும் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. 2 வருடத்துக்குள் போட வேண்டும்.

கேள்வி: ஆத்தங்குடித் தரை மங்கிவிட்டது. ஆசிட் ஊற்றலாமா?
– பள்ளத்தூர்

பதில்: கூடவே கூடாது, சிமென்டை அரித்துவிடும். தண்ணீரில் துடைத்து, காய்ந்ததும் தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் தேய்த்துவிடுங்கள்.

கேள்வி: ஃபிளாட் ஹாலில் வைக்கப் பழைய நிலைக்கதவு பார்த்தோம். பர்மா தேக்கு என்கிறார்கள். நம்பலாமா?
– தேவகோட்டை

பதில்: எழுதிக் கொடுத்தால் நம்பலாம். எட்டு வருடம் முன்பு நானும் ஒரு நிலை வாங்கினேன். கருகருவென்று வார்னிஷ் அடித்திருந்தது. வீட்டில் தச்சர் இழைப்புளியை இரண்டு தடவை ஓட்டியதும் வெளுத்த மரம் எட்டிப் பார்த்தது. மேல் சட்டம் மட்டும்தான் தேக்கு. கடைக்காரர், "தேக்கு என்று எழுதிக் கொடுத்தேனா?" என்றார். பில்லில் 'பழைய நிலை – 1' என்றுதான் இருந்தது. எனக்கு வாயடைத்துப் போனது. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. கன அடிக்குக் கணக்குப் போட்டுப் பணம் வாங்குகிறவர் மரத்தின் பெயரை ஏன் எழுதக் கூடாது? மரத்தின் பெயர், அளவு, கன அடி மூன்றும் பில்லில் வராமல் பணத்தை எடுக்காதீர்கள். நாலு சட்டத்தையும் பின்பக்கம், வார்னிஷ் படாத இடத்தில் தனித்தனியாகச் சுரண்டிப் பாருங்கள். தட்டினால் மாவு கொட்டுகிறதா என்றும் பாருங்கள், கொட்டினால் வண்டு உள்ளே இருக்கிறது. அப்புறம், யார் வீட்டுக் கதவு என்று கேளுங்கள். நம் பக்கத்துப் பெரிய வீடுகளுக்குப் பங்காளிகள் பலர். ஒருவர் மட்டும் கழற்றி விற்ற கதவு என்றால் நாளை உங்கள் ஹாலுக்கே வழக்கு வரும்.

கேள்வி: 100 வருடத்துக்கு மேல் பழைய, செதுக்கு வேலை செய்த உத்தரத்தை சிங்கப்பூருக்கு அனுப்பலாமா?

பதில்: முடியாது. 1972ஆம் வருடத் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது.

கேள்வி: வாட்ஸ்அப்பில் போட்டோ பார்த்து நாலு தூணுக்கு முழுப் பணமும் அனுப்பினேன். இரண்டு, அரை அடி குட்டை.
– புதுவயல்

பதில்: உயரம் கேட்டீர்களா? கடிதத்தில் அந்தப் பேச்சே இல்லை. புதுவயலிலிருந்து காரைக்குடி எவ்வளவு தூரம்? ஒரு காலை நேரம் முனீஸ்வரன் கோவில் தெருவில் நாலு பழைய சாமான் கடை ஏறி, டேப்பை வைத்து அளந்திருக்கலாமே! வாட்ஸ்அப்பில் அளவு எழுதியிருந்தால் அதைக் காட்டி மாற்றித் தரச் சொல்லுங்கள். இல்லையென்றால் அந்த இரண்டுக்கும் அடியில் அரை அடிக் கருங்கல் பாதம் கொடுத்து நிறுத்துங்கள்.