மலைச்சரிவில் தண்ணீர்: கேள்வி பதில்

நுவரெலியா மாவட்டத்துக் கந்தப்பளையில் உருளைக்கிழங்கும் லீக்ஸும் போடுகிறேன். தண்ணீர் பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

ராகலையிலிருந்து: அண்ணே, மாசி வந்தால் பீலிக் குழாயில் நூல் மாதிரித்தான் ஒழுகுது. கிழங்குக்கு என்ன செய்றது?

தம்பி, மாசிக்கு வேண்டிய தண்ணீரை ஐப்பசி, கார்த்திகையிலேயே பிடித்து வைக்க வேண்டும். சரிவுக்குக் குறுக்கே கான் (வடிகால்) வெட்டுங்கள், 120 அடிக்கு 1 அடி இறக்கம் போதும். தேயிலை மலையில் பார்த்திருப்பீர்கள், கானுக்குள்ளே இடையிடையே மண்ணை வெட்டாமல் குட்டி வரப்பாக விட்டிருப்பார்கள், அதன் தலை கான் கரையைவிடத் தாழ்ந்திருக்கும். மழை குழிகுழியாகத் தேங்கி மண்ணுக்குள் இறங்கும், மிஞ்சினது அடுத்த குழிக்கு வழியும். முதலில் மட்டம் பார்க்க மூன்று கம்பை ஆங்கில A வடிவில் கட்டி, உச்சியிலிருந்து நூலில் ஒரு கல்லைத் தொங்கவிடுங்கள், நூல் குறுக்குக் கம்பின் நடுவில் நின்றால் இரண்டு காலும் ஒரே மட்டம், அதிலிருந்து அந்த இறக்கத்தைக் கணக்கிடுங்கள். பெருமழைக்கு அப்புறம் குழியில் கறுகறுவென்று சேறு கிடக்கும், அது உங்கள் மேல்மண், அள்ளிப் பாத்தியில் போட்டு மானாப்புல்லால் மூடிவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை: நிலம் வெடித்திருந்தால், மரம் சாய்ந்திருந்தால் அங்கே தண்ணீரைத் தேக்கவே கூடாது. மண்சரிவு வரும். மண்சரிவு அபாயத்தைப் பார்க்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அறிவியுங்கள்.

பண்டாரவளையிலிருந்து: மேலிருந்து கீழே நேராகக் கான் வெட்டினால் சரியா?

வேண்டாம். மண்ணெல்லாம் ஆற்றுக்குப் போய்விடும்.

தலவாக்கலையிலிருந்து: லயத்து வீட்டுத் தகரக் கூரைத் தண்ணீர் தோட்டத்துக்குப் போதுமா?

அக்கா, 200 சதுர அடிக் கூரையில் 10 மில்லிமீற்றர் மழை பெய்தால் ஏறக்குறைய 185 லீற்றர். வீட்டு மரக்கறிப் பாத்திக்குத் தாராளம்.

வெலிமடையிலிருந்து: ஸ்பிரிங்ளர் பின்னேரம் போடலாமா? வெளிறல் நோய்க்கு எந்த மருந்து?

காலையில் போடுங்கள். பின்னேரம் நனைத்தால் இராமுழுக்க இலை ஈரமாகக் கிடக்கும், இலையைக் கருக வைக்கும் இந்த வெளிறல் அதனால்தான் பரவுகிறது. மருந்துக்கு விவசாயப் போதனாசிரியரைப் பாருங்கள்.

ஹட்டனிலிருந்து: நேர்க்கான் வெட்டினால் தண்ணீர் சீக்கிரம் வடியுமே?

பண்டாரவளைக்காரருக்குச் சொன்னதுதான். சீக்கிரம் வடிவதுதான் கேடு.

அப்புத்தளையிலிருந்து: ஊற்றுக்கு மேலே யூகலிப்டஸ் நிற்குது. வெட்டச் சொல்றாங்க, விறகுக்கு எங்கே போறது?

எல்லாவற்றையும் வெட்டச் சொல்லவில்லை. அது நிறையத் தண்ணீர் இழுக்கும் மரம், ஊற்றைச் சுற்றி மட்டும் எடுத்துவிட்டு நம் காட்டு மரங்களை வளரவிடுங்கள். விறகுக்குத் தள்ளியிருக்கும் மேட்டில் நிற்கட்டும்.

ராகலைத் தம்பி மறுபடியும்: மரம் இருந்தால்தானே மழை, அண்ணே?

மழை பெய்யத்தான் செய்கிறது, தம்பி. பெய்தது ஊற்றுக்கு வந்து சேர வேண்டும், அதைத்தான் சொல்கிறேன். நாளைக்கே அந்தக் கம்பைக் கட்டுங்கள்.